பாங்காக் சுற்றிப் பார்க்க: கொங்குப் பக்கத்திலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், பொள்ளாச்சி பக்கத்திலிருந்து பாங்காக் போகிறவர்கள் கிளம்பும் முன் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். டூர் வண்டியில் கூட்டத்தோடு போகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. குடும்பத்தோடு தாங்களாகவே சுற்ற நினைப்பவர்களுக்கும், சரக்கு பார்க்கப் போகிற வியாபாரிகளுக்கும் எழுதியது இது. கட்டணங்கள் 2025 நிலவரம். கொஞ்சம் முன்பின் மாறியிருக்கலாம்.

எந்த மாசத்துல போனா நல்லதுங்க?

நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை. ஜனவரி, பிப்ரவரியில் சில நாள் புகைமூட்டம் கனமாக இருக்கும். வீசிங் உள்ளவர்கள் மாஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட லீவு என்று ஏப்ரல், மே மாதத்தில் கிளம்புகிறவர்கள்தான் நம் பக்கம் அதிகம். அங்கேயும் வருடத்தில் கடுமையான வெயில் அப்போதுதான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்த உடம்புக்கு பாங்காக்கின் புழுக்கம் புதிது: நிழலில் நின்றாலும் வியர்வை காயாது. ஏப்ரலில்தான் முடியும் என்றால் வெளியே சுற்றுவதைக் காலை பதினொன்றுக்குள் முடித்துவிட்டு, மறுபடி நாலு மணிக்கு மேல் கிளம்புங்கள்.

ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், அவர்களுடைய புத்தாண்டு. நாம் சித்திரைக் கனி வைக்கிற அதே நாட்களில் அங்கே தெருவெங்கும் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடுவார்கள். பாஸ்போர்ட்டை ரூமிலேயே வைத்துவிட்டு, போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு அது அருமையான நேரம். கடை வேலையாகப் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்க வேண்டும். பல கடைகள் சாத்தியிருக்கும். செப்டம்பரும் அக்டோபரும் மழைக்காலத்தின் உச்சம்.

எத்தனை நாள் வேணுமுங்க?

ஊருக்கு மட்டும் நாலு ராத்திரி. பாங்காக் மாநகரத்தின் பரப்பு 1,569 சதுர கிலோமீட்டர், கோவை மாநகராட்சியைப் போல ஆறு மடங்கு. இரண்டு ராத்திரி பாங்காக், இரண்டு ராத்திரி பட்டாயா என்று விற்கப்படும் பேக்கேஜில் போய்வரும் நேரமும் ஓட்டல் மாறும் நேரமும் ஒன்றரை நாளைத் தின்றுவிடும். கடல் பார்க்கத்தான் ஆசை என்றால் கூட இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள், பாங்காக்கைக் குறைக்காதீர்கள்.

விமானம் எங்கிருந்து ஏறுவதுங்க?

சென்னை, பெங்களூரு, கொச்சி மூன்றிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. கோவை, திருப்பூர்க்காரர்கள் கொச்சியைப் பலமுறை மறந்துவிடுகிறார்கள். கோவை ஜங்ஷனில் ரயில் ஏறினால் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் ஆலுவா. அங்கிருந்து நெடும்பாசேரி விமான நிலையம் ஆட்டோ தூரம். சேலம், நாமக்கல்காரர்களுக்கு பெங்களூரு தோதுப்படும்.

டிக்கெட் எடுக்கும்போது எந்த விமான நிலையத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். பாங்காக்கில் இரண்டு உண்டு: கிழக்கே சுவர்ணபூமி, வடக்கே டான் மியாங். ஏர் ஏசியா போன்ற மலிவு விமானங்கள் டான் மியாங்கில் இறங்கும். இரண்டுக்கும் நடுவே நகரத்தின் போக்குவரத்து நெரிசல் இருக்கிறது. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் வேறு விமானம் பிடிப்பதாக இருந்தால் குறைந்தது ஐந்து மணி நேரம் விட்டு வைக்க வேண்டும்.

விசா வேணுங்களா?

2024 ஜூலையில் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 60 நாள் தங்கும் அனுமதி வந்தது. இது அடிக்கடி மாற்றப்படும் விதி. டிக்கெட் போடும் அன்றே சென்னையிலுள்ள தாய்லாந்து துணைத் தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். திரும்பும் டிக்கெட், ஓட்டல் புக்கிங் இரண்டையும் காகிதத்தில் அச்செடுத்து வையுங்கள். கவுண்டரில் நிற்கும்போது போனில் சார்ஜ் இல்லை என்றால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். கைப்பணம் காட்டச் சொல்லும் அதிகாரம் குடிவரவு அதிகாரிகளுக்கு உண்டு.

2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் காசு கிடையாது. பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது போலி அல்லது இடைத்தரகர். அரசுத் தளத்தின் முகவரி "டாட் ஜிஓ டாட் டிஎச்" என்று முடியும். குழந்தைகளுக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். குடும்பத்துக்கு ஒன்று போதும் என்று நினைத்து வந்தவர்கள் குடிவரவு வரிசைக்கு முன்னால் போனைத் தட்டிக்கொண்டு நிற்பதைத் தினமும் பார்க்கலாம்.

அனுமதித்த நாளுக்கு மேல் தங்கினால் ஒரு நாளைக்கு 500 பாட் (பாட் என்பது தாய்லாந்துப் பணம்) அபராதம்.

ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள்ள எப்படிங்க போறது?

சுவர்ணபூமியின் அடித்தளத்தில் ஏர்போர்ட் ரயில் நிற்கிறது. கடைசி நிலையமான பாயா தாய்க்கு 45 பாட், அரை மணி நேரத்துக்குள் போய்விடும். அங்கே பிடிஎஸ் எனப்படும் மேல்பாலத்து ரயிலுக்கு மாறலாம். வழியில் மக்கசானில் இறங்கினால் எம்ஆர்டி சுரங்க ரயில். காலை ஆறு மணிவாக்கில் தொடங்கி நள்ளிரவு வரை ஓடும். நம் ஊர்களிலிருந்து கிளம்பும் விமானங்கள் பல விடியற்காலையில் இறங்குவதால் முதல் ரயிலுக்குக் கொஞ்சம் காத்திருக்க நேரிடலாம்.

நாலு பேர், நாலு பெட்டி என்றால் டாக்சிதான் சரி. முதல் தளத்துக்கு இறங்கி வாசலில் இருக்கும் இயந்திரத்தில் சீட்டு எடுங்கள். அதில் அச்சாகும் எண்ணுள்ள இடத்தில் உங்கள் டாக்சி நிற்கும். மீட்டர் தொகையோடு விமான நிலையக் கட்டணம் 50 பாட் சேரும். டோல் நம் பொறுப்பு. இது ஏமாற்று அல்ல, நடைமுறை. சீட்டைக் கிழித்து எறியாதீர்கள், ஏதாவது பொருளை வண்டியில் விட்டால் அந்தச் சீட்டுதான் ஆதாரம். வருகைக் கூடத்துக்குள்ளேயே வந்து "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுகிறவர்களோடு போக வேண்டாம்.

டான் மியாங்கில் இறங்கினால் எதிரிலேயே சிவப்புக் கோட்டு ரயில். பாங் சூ போய் எம்ஆர்டிக்கு மாறலாம்.

எங்க தங்கறதுங்க? எந்த ஏரியா மலிவு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். மலிவைப் பார்க்க வேண்டாம். ரயில் நிலையத்தைப் பாருங்கள். பிடிஎஸ் அல்லது எம்ஆர்டி நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு ஏழெட்டு நிமிடத்தில் நடந்து போகும் இடமாக இருக்க வேண்டும். பாங்காக் சாலையில் மாலை நாலரை முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டர் போக முக்கால் மணி நேரம் ஆகும். மழை பெய்தால் அதற்கும் மேல். ஓட்டலில் ராத்திரிக்கு முந்நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, டாக்சியில் அறுநூறு ரூபாயும் இரண்டு மணி நேரமும் விடுவதில் பொருளில்லை.

அசோக் சந்திப்பு எங்கள் முதல் பரிந்துரை. பிடிஎஸ்ஸும் எம்ஆர்டியும் அங்கே ஒன்றையொன்று தொடுகின்றன, எந்தப் பக்கம் போகவும் சுலபம். வயதானவர்களோடு போனால் சப்பான் தக்சின்: நிலையத்துக்குக் கீழேயே படகுத்துறை. பாயா தாய், ராட்சதேவி பக்கம் விலை கொஞ்சம் குறைவு, விமான நிலையத்துக்கும் நேர் ரயில். சிலோம் பக்கம் மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகலாம்.

பிரதுனாமில் இந்தியர்கள் நிறைய தங்குகிறார்கள். நம்ம சாப்பாடு கிடைக்கும், துணிச் சந்தை காலடியில். பக்கத்தில் பிடிஎஸ் இல்லை, ராட்சபிராரோப் என்ற ஏர்போர்ட் ரயில் நிலையம் மட்டும். துணி பார்க்கவே போகிறவர்களுக்குப் பொருந்தும், ஊர் சுற்றுகிறவர்களுக்கு இல்லை. காவ் சான் சாலை இளைஞர்களுக்கு. ரயிலுக்கு எட்டாத இடம். நானா நிலையத்தை ஒட்டிய சில சந்துகள் ராத்திரியில் மதுக்கூடத் தெருக்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் புக் செய்யும் முன் சந்தின் எண்ணைப் பாருங்கள்.

சந்து என்றதும் ஒன்று. சுகும்வித் நெடுஞ்சாலையின் கிளைத் தெருக்களைச் 'சோய்' என்பார்கள். ஒரு பக்கம் ஒற்றைப்படை, எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. ஆனால் இரண்டு பக்க எண்களும் சேர்ந்து வளர்வதில்லை. தொங் லோ நிலையத்தில் இறங்கினால் ஒரு பக்கம் சோய் 55, நேர் எதிரே சோய் 38. "55க்கு எதிரில் 54 இருக்கும்" என்று நடக்க ஆரம்பித்தால் வெயிலில் கிலோமீட்டர் கணக்கில் நடப்பீர்கள்.

ரயில் டிக்கெட் எப்படிங்க எடுக்கறது?

எம்ஆர்டி நீலக் கோட்டில் உங்கள் வங்கியின் விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தொட்டே உள்ளே போகலாம். தொட்டுப் பணம் கட்டும் குறி அட்டையில் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கேயே வங்கி ஆப்பில் திறந்துவிட்டு வர வேண்டும். ரூபே அட்டையை நம்பிப் போகாதீர்கள். ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். ஒரே அட்டையில் நாலு பேர் நுழைய முடியாது.

பிடிஎஸ்ஸில் முன்பணம் ஏற்றும் ராபிட் கார்டு, அல்லது இயந்திரத்தில் ஒற்றைப் பயண டிக்கெட். கார்டு வாங்கப் பாஸ்போர்ட் கேட்பார்கள். குறைந்த கட்டணம் 17 பாட். ஒரே நாளில் ஆறேழு முறை ஏறி இறங்குவதாக இருந்தால் மட்டும் 150 பாட் ஒருநாள் பாஸ் கட்டுப்படியாகும். பிடிஎஸ்ஸும் எம்ஆர்டியும் வேறு வேறு நிறுவனங்கள் என்பதால் அந்தப் பாஸ் சுரங்க ரயிலில் செல்லாது. பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இது.

சயாம் நிலையத்தில் இரண்டு பிடிஎஸ் கோடுகள் சந்திக்கின்றன. படி ஏறி இறங்காமலே மாறலாம்: பெரும்பாலும் நீங்கள் இறங்கிய நடைமேடையின் எதிர்ப்பக்கத்தில் அடுத்த ரயில் வந்து நிற்கும். கூட்டத்தோடு அவசரமாகப் படியைத் தேடாமல் தலைக்கு மேலுள்ள பலகையில் கடைசி நிலையத்தின் பெயரைப் பாருங்கள். பெட்டிக்குள் குளிர்சாதனம் கடுமையாக இருக்கும். குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் ஒரு மேல்துண்டு கையில் இருக்கட்டும்.

படகுல போறது பயமில்லைங்களா?

பயமில்லை, ஏறி இறங்கும்போது கவனம் வேண்டும். சாவ் பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு உள்ளூர்க்காரர்களின் பஸ் மாதிரி. எங்கே இறங்கினாலும் 16 பாட். சப்பான் தக்சின் நிலையத்திலிருந்து இறங்கினால் சாத்தோன் துறை. நீலக் கொடி சுற்றுலாப் படகு, கட்டணம் கூட. தனிப் படகுக்கு ஆள் பிடிப்பவர்கள் துறை வாசலில் மடக்கி "ஆரஞ்சு இப்ப இல்லை" என்பார்கள். நேராக உள்ளே போய்க் கொடியைப் பாருங்கள்.

படகு துறையில் அரை நிமிடம்கூட நிற்காது. பின்பக்கம் நிற்கும் ஆள் விசில் ஊதி ஓட்டுநருக்குக் குறி காட்டுவார். கயிற்றைத் தூணில் ஒரு சுற்று போட்டு இழுத்துப் பிடிக்கும்போதே ஏறிவிட வேண்டும். உள்ளே போனதும் நீளமான தகரக் குழலைத் 'டக் டக்' என்று அடித்தபடி கண்டக்டர் வருவார். சில்லறை தயாராக இருக்கட்டும், ஆயிரம் பாட் நோட்டை நீட்டாதீர்கள். பெரியவர்களை நடுவில் உட்கார வைத்து, இறங்கும் துறைக்கு ஒரு துறை முன்பே எழுந்து பின்பக்கம் வரச் சொல்லுங்கள்.

சென் செப் வாய்க்காலிலும் படகு ஓடுகிறது. இருபது பாட் வாக்கில் நகரின் குறுக்கே போய்விடலாம். ஓரத்தில் உட்கார்ந்தால் எதிர்ப்படகு வரும்போது பிளாஸ்டிக் திரையைக் கயிற்றால் இழுத்து உயர்த்துவது உங்கள் வேலை. அந்தத் தண்ணீர் சுத்தமில்லை, முகத்தில் படவிடாதீர்கள்.

அரண்மனைக்கு எப்பப் போகலாமுங்க?

காலை எட்டரைக்குத் திறக்கும்போதே. டிக்கெட் 500 பாட். மூன்றரைக்கு டிக்கெட் நின்றுவிடும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வேட்டி, சேலை, சுடிதார் எல்லாம் சரி. அரைக்கால் டவுசரும் கையில்லாத மேல்சட்டையும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். மரகத புத்தர் சன்னதிக்குள் படம் எடுக்கக்கூடாது.

அந்தச் சன்னதியைச் சுற்றியுள்ள மண்டபச் சுவரை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். 178 காட்சிகளாக ராமாயணம் வரையப்பட்டிருக்கிறது. நாம் அறிந்த கதையேதான், வேஷங்களும் அரண்மனைகளும் தாய்லாந்துக்காரர்களுடையவை. படையை விழுங்கும் அளவுக்கு உருவெடுக்கும் அனுமனைக் குழந்தைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். இதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

வெளியே வந்து தெற்கே பத்து நிமிடம் நடந்தால் வாட் போ ('வாட்' என்றால் கோயில்). படுத்த நிலை புத்தர் 46 மீட்டர் நீளம். பாதத்தில் முத்துச் சிப்பி பதித்த சின்னங்களைப் பார்க்காமல் தலைப்பக்கத்துப் படத்தோடு திரும்பிவிடுகிறார்கள் பலர். பிறகு தா தியன் துறையில் ஐந்து பாட் படகில் அக்கரை போனால் வாட் அருண். அதன் படிகள் செங்குத்தானவை. ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம்.

இந்த வட்டாரத்துக்குப் போக ரயிலும் உண்டு: சனாம் சாய் எம்ஆர்டி நிலையம், 2019இல் திறந்தது.

"இன்னைக்கு அரண்மனை லீவு"ன்னு சொல்றாங்களே?

நம்பாதீர்கள். பாங்காக்கின் பழைய ஏமாற்று இது. நன்றாக உடுத்திய ஒருவர் அரண்மனைச் சுவரோரம் வந்து, இன்று பூஜை, மதியம்தான் திறக்கும் என்பார். அதுவரை இருபது பாட்டுக்கு டுக்டுக் ஆட்டோவில் மூன்று கோயில் காட்டுவதாக ஏற்பாடு செய்வார். நடுவில் ஒரு ரத்தினக் கடை, ஒரு தையல் கடை. டுக்டுக்காரருக்குக் கடைக்காரர் கமிஷன் தருவதால்தான் அவ்வளவு மலிவு. "ஊரில் மூன்று மடங்குக்கு விற்கலாம்" என்று சொல்லித் தரும் கல்லை ஊரில் யாரும் அந்த விலைக்கு வாங்க மாட்டார்கள். டிக்கெட் கவுண்டர் வரை நடந்து போய்ப் பாருங்கள், போதும்.

டாக்சி, டுக்டுக்கில் தகராறு வராமல் இருக்க கிராப் அல்லது போல்ட் என்ற வாடகை வண்டி ஆப்பை இங்கேயே போனில் ஏற்றிவிடுங்கள்.

நம்ம சாமி கோயில் இருக்குதுங்களா?

சிலோம் சாலையில், பான் தெரு முனையில் மகா மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் கட்டியது. உள்ளூர்க்காரர்களுக்கு 'வாட் கேக்' என்றால்தான் தெரியும். டாக்சிக்காரரிடம் அதையே சொல்லுங்கள். வரிசையில் நிற்பவர்களில் பெரும்பகுதி தாய்லாந்துக்காரர்களாகவே இருப்பார்கள். தாமரை, செவ்வந்தி மாலை, இளநீர்த் தட்டோடு வந்து அவர்கள் அம்மனுக்குச் செய்யும் வழிபாட்டை ஓரமாக நின்று பாருங்கள். உள்ளே படம் எடுக்கக்கூடாது. நவராத்திரி முடிவில் சாமி புறப்பாடு. அந்த ராத்திரி சுற்றுச் சாலைகளை அடைத்துவிடுவார்கள்.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று. பழைய நகரில் மாநகராட்சி அலுவலகத்துக்கு எதிரே சிவப்பு நிறத்தில் பெரிய ஊஞ்சல் தூண்கள், 21 மீட்டர் உயரம். முதலாம் ராமா மன்னர் 1784இல் நிறுவினார். மார்கழி, தை ஒட்டி நடக்கும் பிராமணச் சடங்கில் இதில் ஊஞ்சலாடும் வழக்கம் இருந்தது, 1930களில் நின்றுபோனது. ஊஞ்சல் நின்றாலும் சடங்கு நிற்கவில்லை. பக்கத்திலுள்ள தேவஸ்தான் என்னும் சிறு கோயிலில் தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் இன்றும் திருவெம்பாவைப் பாடல்களை ஓதுகிறார்கள். உச்சரிப்பு வெகுவாக மாறிவிட்டது. ஆனால் அவை மாணிக்கவாசகரின் பாடல்கள். மார்கழியில் பேரூரிலும் அவிநாசியிலும் கேட்கும் அதே பாடல் கடல் தாண்டி இத்தனை நூற்றாண்டாக வாழ்கிறது. சாம் யோத் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். அவசியம் போங்கள்.

நாங்க சுத்த சைவமுங்க. பட்டினி கிடக்கோணுமா?

வேண்டியதில்லை, கேட்கும் முறை தெரிய வேண்டும். "வெஜிடபிள்" என்று கேட்டால் காய்கறி வரும், மீன் சாறான நாம் பிளாவும் கூடவே வரும். அவர்களுக்கு அது உப்பு மாதிரி. சிப்பிச் சாறு, கறி மசாலாவில் அரைத்த இறால் விழுது ஆகியவையும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும். பப்பாளிக்காய் சாலட்டில் உலர்ந்த இறால் இடித்துப் போடுவார்கள்.

சொல்ல வேண்டியது: "கின் ஜே." ஜே என்பது சீன மரபுச் சைவம், மீன் சாறு, முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் சேராது. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் ஜே குறி போட்ட கடைகளைத் தேடுங்கள். அந்த எழுத்தை முன்கூட்டியே போனில் படமாக வைத்துக்கொண்டால் கடையில் காட்ட உதவும். "மங்சவிராத்" என்றாலும் சைவம்தான், ஆனால் முட்டை வரலாம். சாதாரணக் கடையில் "மை சை நாம் பிளா" என்றால் மீன் சாறு போட வேண்டாம் என்று பொருள். ஆனாலும் அதே கரண்டி, அதே வாணலிதான். அது மனசுக்கு ஒப்பாதவர்கள் ஜே கடையோ இந்திய உணவகமோ போவது நல்லது. இந்தியக் கடைத்தெருவான பாஹுரத்திலும் சிலோம், சுகும்வித் பக்கங்களிலும் இந்தியச் சாப்பாடு கிடைக்கும், விலை கூடுதல்.

செப்டம்பர், அக்டோபரில் ஒன்பது நாள் ஜே திருவிழா. சீனர்கள் வாழும் யாவராத் தெருவெங்கும் மஞ்சள் கொடி பறக்கும். புரட்டாசி விரதம் இருப்பவர்கள் மழையைப் பொறுத்துக்கொண்டால் சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை.

மாம்பழமும் தேங்காய்ப்பாலும் சேர்த்த ஒட்டரிசி மார்ச் முதல் மே வரை அருமையாக இருக்கும். செவன் இலெவன் கடையில் தயிரும் பழமும் வாழைப்பழ ரொட்டியும் கிடைக்கும். சுடச் சுடத் தரும் சாண்ட்விச்சுகளில் பெரும்பாலும் பன்றி இறைச்சி. பருப்புப் பொடி, ஊறுகாய், எலக்ட்ரிக் கெட்டில் எடுத்துப் போகிறவர்கள் பொடியைச் சீல் உடைக்காத பாக்கெட்டில் கொண்டு போகட்டும்.

கறி சாப்பிடுவோம், ஆனா மாட்டுக்கறி ஆகாதுங்க.

நுவா என்றால் மாடு, மூ என்றால் பன்றி, கை என்றால் கோழி, குங் என்றால் இறால். இறைச்சி உருண்டை போட்ட நூடுல்ஸ் வண்டியில் எது என்று கேட்டுவிட்டே உட்காருங்கள். கோழி கேட்டு முட்டை வந்தால் கடைக்காரர் மேல் தப்பில்லை. இரண்டு சொல்லும் நம் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். கோழியின் படத்தைக் காட்டுங்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி. கூட்டிட்டுப் போலாமுங்களா?

போகலாம். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், மதியம் ரூமில் ஓய்வு, மாலை ஆற்றங்கரை. பிடிஎஸ் நிலையங்களில் எல்லா வாசலிலும் லிஃப்ட் கிடையாது. வாசல் எண்ணை வரைபடத்தில் பார்த்துக்கொண்டு போக வேண்டும். நடைபாதையில் உடைந்த கல்லுக்குக் கீழே மழைத் தண்ணீர் தேங்கி, மிதித்தால் சேலை நனையும். பிடிமானமுள்ள செருப்பு, அதுவும் சட்டென்று கழற்றி மாட்டுவதாக இருக்கட்டும். கோயிலுக்குக் கோயில் கழற்ற வேண்டும்.

பணம் எப்படிங்க கொண்டு போறது?

ரூபாயாகக் கொண்டு போனால் நல்ல விலை கிடைக்காது. கசங்காத நூறு டாலர் நோட்டுகளாகக் கொண்டு போங்கள்; சிறிய நோட்டுக்கு விலை குறைவு. விமான நிலைய வருகைக் கூடத்தில் மாற்றாமல், அடித்தளத்தில் ஏர்போர்ட் ரயில் பக்கமுள்ள கடைகளில் மாற்றினால் நல்ல விலை. ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிப்பார்கள், நம் வங்கியின் கட்டணம் தனி. ஆகவே எடுத்தால் மொத்தமாக எடுங்கள். திரையில் "ரூபாயில் மாற்றிக் கணக்கிடவா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அவர்கள் போடும் மாற்று விலை எப்போதும் நமக்கு நஷ்டம்.

திருப்பூர்ல இருந்து துணி பார்க்கப் போறோமுங்க. எந்தச் சந்தை?

போபே, பிரதுனாம், சாம்பெங் மூன்றும் மொத்த வியாபாரம். போபேவுக்குச் சென் செப் படகே போகிறது, துறையின் பெயரும் அதுதான். காலையிலேயே போய்விடுங்கள். பிரதுனாமிலுள்ள பிளாட்டினம் மாலில் குளிர்சாதன அறைக்குள் நிதானமாகப் பார்க்கலாம். பல கடைகளில் மூன்று உருப்படி எடுத்தால் மொத்த விலை. சாம்பெங் சந்து பட்டன், லேஸ், ரிப்பன், ஸ்டிக்கர் மாதிரியான சில்லறைச் சாமான்களுக்கு. இரண்டு பேர் ஒருசேர நடக்க முடியாத அகலத்தில் தள்ளுவண்டியும் பைக்கும் வரும்.

சாதாரண டி-ஷர்ட்டில் அங்கே நீங்கள் கற்றுக்கொள்ள எதுவுமில்லை. குழந்தைகள் உடையின் வெட்டு, பிரிண்ட் வண்ணச் சேர்க்கை, பேக்கிங் இவற்றைப் பாருங்கள். மாதிரிக்கு ஒவ்வொன்றாக வாங்குங்கள். ஒரே டிசைனில் ஐம்பது உருப்படி பெட்டியில் வந்தால் சுங்கத்தில் அது சொந்த உபயோகப் பொருளாகக் கருதப்படாது. வியாபாரச் சரக்கை இறக்குமதி உரிமத்தோடு சரக்காகவே கொண்டு வர வேண்டும். கடையில் கேட்காமல் படம் எடுத்தால் சண்டைக்கு வருவார்கள். டிசைன் அவர்கள் பிழைப்பு.

சதுசாக் சனி, ஞாயிறு சந்தை. 27 பகுதிகள், ஆயிரக்கணக்கான கடைகள். காம்பெங் பெத் எம்ஆர்டி நிலைய வாசல் சந்தைக்குள்ளேயே திறக்கிறது. பிடித்த பொருளை அப்போதே வாங்கிவிடுங்கள். "திரும்பி வரும்போது" என்று விட்ட கடையை மறுபடி கண்டுபிடிப்பது கஷ்டம். குடும்பம் பிரிந்தால் நடுவிலுள்ள மணிக்கூண்டில் சந்திப்பது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

அங்க தங்கம் வாங்கலாமுங்களா?

யாவராத் தெருவின் சிவப்புக் கடைகளைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே தங்கம் 96.5 சதவீதச் சுத்தம். நம் 916 நகையைவிட உசத்தி. எடையை 'பாட்' என்ற அளவில் சொல்வார்கள்: ஆபரணத்தில் ஒரு பாட் 15.16 கிராம், ஒன்றே முக்கால் பவுனுக்கும் மேல். பணத்துக்கும் எடைக்கும் ஒரே பெயர் என்பதால் பலகையைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

திரும்பும்போதுதான் சிக்கல். சுங்கத்தில் நகைச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புகிறவர்களுக்கு. நாலு நாள் போய் வருகிறவர்களுக்கு இல்லை. வரி கட்டினால் லாபம் நிற்காது. ஹால்மார்க் முத்திரை இல்லாததால் இங்கே மாற்றும்போதும் பேரம் குறையும். வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. போகும்போது போட்டுப் போகும் நகைகளைச் சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பும்போது கேள்வி வராது.

எதையெல்லாம் செய்யக்கூடாதுங்க?

அரச குடும்பத்தைப் பற்றி எந்த விமர்சனமும் வேண்டாம், வாட்ஸாப்பிலும் முகநூலிலும்கூட. ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் பொது இடங்களில் தேசிய கீதம் ஒலித்தால் நடப்பதை நிறுத்தி நில்லுங்கள். இ-சிகரெட் தடை, பெட்டியில்கூட இருக்கக்கூடாது. பிக்குகளைப் பெண்கள் தொடக்கூடாது.

கஞ்சாக் கடைகளைத் தெருவில் பார்ப்பீர்கள். இந்தியாவுக்கு ஒரு துணுக்கு கொண்டு வந்தாலும் சிறை. பாங்காக் விமானங்களில் வருகிறவர்கள் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது, அதில் பெட்டியில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் சுமந்து வந்தவர்களும் உண்டு. தெரிந்தவர் சொன்னாலும் பிறருடைய பார்சலை வாங்காதீர்கள். டிக்கெட்டும் செலவும் நாங்கள் தருகிறோம், ஒரு பெட்டி மட்டும் கொண்டு வா என்று சொல்பவர் உங்களுக்கு வேண்டியவரே அல்ல.

பாங்காக்குல டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம்னு பையனுக்கு வந்திருக்குதுங்க.

அனுப்பாதீர்கள். சுற்றுலா அனுமதியில் வேலை செய்வது குற்றம். உண்மையான நிறுவனம் வேலை விசாவுக்கான தாள்களை இங்கேயே தரும். இப்படி அழைக்கப்பட்ட இந்திய இளைஞர்கள் மே சோத் எல்லை வழியாக மியான்மருக்குள் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். 2025இல் இந்திய அரசு விமானம் அனுப்பி நூற்றுக்கணக்கானோரை மீட்டது. ஏற்கெனவே போய்ச் சிக்கியவர் குடும்பம் தாமதிக்காமல் பாங்காக் இந்தியத் தூதரகத்தைத் தொடர்புகொள்ள வேண்டும்; அது சுகும்வித் சோய் 23இல் இருக்கிறது.

ஏதாவது ஆபத்துன்னா?

சுற்றுலாக் காவல் 1155, ஆங்கிலம் பேசுவார்கள். ஆம்புலன்ஸ் 1669. தனியார் மருத்துவமனையில் முன்பணம் கேட்பார்கள், எனவே பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்ப வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை உடன் வருபவரிடம் கொடுங்கள்.

திரும்பும் நாளில் எப்பக் கிளம்பறதுங்க?

அவர்கள் நேரம் நமக்கு ஒன்றரை மணி முந்தியது. போன் தானாக மாறிவிடும், கைக்கடிகாரம் மாறாது. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன் விமான நிலையத்தில் இருங்கள். மாலை நேர விமானம் என்றால் டாக்சியை நம்பாமல் ரயிலில் போங்கள்.

மாலில் ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 பாட்டுக்கு மேல் வாங்கி, பாஸ்போர்ட் காட்டி வரித் திருப்பப் படிவம் வாங்கியிருந்தால் 7 சதவீத வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பொருளைக் காட்டச் சொல்லலாம் என்பதால் பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே சுங்கக் கவுண்டருக்குப் போங்கள். பெட்டி போன பிறகு படிவத்தோடு போனால் திருப்பி அனுப்பிவிடலாம். பணத்தைக் குடிவரவு தாண்டி உள்ளே இருக்கும் கவுண்டரில் தருவார்கள்.